தோட்டத் தமிழரின் தலைமை: சப்பிரகமுவப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையின் மலையகத் தமிழரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அட்டனையும் நுவரெலியாவையும் மனத்திற் கொண்டே எழுதுவர். அங்குத் தமிழ் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். சங்கங்கள் சிலவற்றின் தலைமை நிலையங்கள் அங்கே உள்ளன. பாராளுமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பும் வலுவும் அங்கே உண்டு. ஆயின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்பிரகமுவவின் நிலை வேறு. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களும், களனிப் பள்ளத்தாக்கில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போற் சிதறிக் கிடப்பவை. ஒரு தோட்டத்து லயத்திற்கும் அடுத்த தோட்டத்து லயத்திற்கும் இடையே நெல்வயலும் பன்சலையும் கிராமத்துக் கடைத்தெருவும் குறுக்கிடும். ஆதலின் மலையகத் தமிழரின் தலைமை காலந்தோறும் எவ்வாறு மாறியது என்னும் வினாவை இப்பகுதியில் நின்று நோக்குங்கால், அட்டனில் நின்று நோக்குவோர் கண்ணிற்படாத சில உண்மைகள் புலப்படும்.

தலைவர் இன்னார் இன்னார் என்று பெயர்களை அடுக்கிச் செல்வது வரலாறு ஆகாது. ஒரு தலைவனுக்கு வலு எங்கிருந்து வந்தது, அவ்வலுவை அவனுக்கு அளித்தவர் யார், அதனைப் பறிக்க வல்லவர் யார் என்று கேட்பதே பயனுடையது. அவ்வாறு கேட்பின், துரையினிடமிருந்து வந்த தலைமை, வாக்கினின்று வந்த தலைமை, சங்கச் சந்தாவினின்று வந்த தலைமை, அமைச்சர் பதவியினின்று வந்த தலைமை எனப் பல நிலைகளை இச்சமூகம் கடந்து வந்திருத்தலைக் காணலாம். இவை ஒன்று முடிந்த பின்னர் மற்றொன்று என வரிசையாக வந்தவையல்ல. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பவை.

முதற்கண் நின்றவன் கங்காணி. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சேர்க்கத் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்றவன் அவனே. தன் உறவினரையும் ஊராரையும் தன் சாதியினரையும் அழைத்து வந்தான். வழிச்செலவிற்கும் வீட்டுக் கடனுக்கும் முன்பணம் கொடுத்தான். அப்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிமார் பலர் இருந்தனர். தன் கணக்கிலுள்ள ஆட்களுள் எத்துணைபேர் அன்றன்று வேலைக்கு இறங்கினரோ அத்துணைக்கு ஏற்பப் பெரிய கங்காணிக்குப் பென்ஸ் காசு கிடைத்தது. ஆகவே ஆள் நோயுற்றாலும் ஓடிப்போனாலும் அவனுக்கு நட்டம். வேலைக்கு வந்தால் இலாபம். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை உணர்ந்தாலன்றிக் கங்காணியின் குணம் விளங்காது. அவன் கொடியவனா நல்லவனா என்று வாதிடுதல் வீண். அவனுடைய வருவாய் தொழிலாளியின் வருகையோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதே விடயம்.

அவன் வேலை மேற்பார்வையாளன் மட்டும் அல்லன். மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை அவனுக்கு. கலியாணம் பேசுவதும், சண்டை தீர்ப்பதும், துரையின் பங்களாவிற்கு முன் நின்று குறை சொல்வதும் அவனே. துரைக்குத் தமிழ் சிறிதளவே தெரியும். தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் இடையே நின்றவன் இருவரிடத்தும் பிறர் பெறாத செல்வாக்கைப் பெற்றான். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பும் தொழிலாளர் கூட்டத்திற்குத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டிற்குத் ‘துண்டு’ என்று பெயர். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவ்வாட்களை விடுவிக்கலாம் என்பது அதன் பொருள். துண்டோடு கூடவே கடனும் தோட்டந் தோட்டமாக நகர்ந்தது; சில வேளைகளில் நகரும்போதே வளர்ந்தது. இத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்கு முன்னோடியாக, தோட்டத் தொழிலாளரை வேலை ஒப்பந்த மீறலுக்காகச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்துச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் குரல் கொடுத்தார். 1919இல் தொழிலாளர் நலன் காக்கும் கழகமொன்றையும் அமைத்தார். அதில் அவருடன் நின்ற பெரி. சுந்தரம் ஒரு கங்காணியின் மகன்; கேம்பிறிட்சிற் கற்றவர்; 1931இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சராய் 1936 வரை இருந்தவர். கங்காணி வீட்டிலிருந்தே கங்காணித் தலைமைக்கு மாற்றாக ஒரு கல்வித் தலைமை தோன்றிற்று என்பது கவனிக்கத் தக்கது. ஆயினும் அது மேல்தட்டில் நின்ற தலைமை. லயத்தில் வாழ்ந்த மக்கள் அவரை அறிந்திருந்தனர் என்று சொல்வதற்கில்லை.

லயத்திற்குள் நேரே புகுந்த முதல் வெளித் தலைவர் கோ. நடேச ஐயர். தஞ்சைப் பகுதியினின்று வந்த இவர், அந்நியர் எவரும் அத்துமீறி நுழையின் தண்டனைக்கு ஆளாகும் தோட்டங்களுட் புடைவை வியாபாரி போற் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்திற் சில காலம் உடனிருந்து, பின்னர் அவரோடு முரண்பட்டு விலகினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்க்கென்றே சம்மேளனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபை புகுந்தார். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களைப் பாடியே மக்களைத் திரட்டினார். எழுத்தறியாத மக்களிடம் கருத்தைக் கொண்டு செல்லப் பாட்டே ஏற்ற கருவி என்பதை அவ்விணையர் நன்கு உணர்ந்திருந்தனர். நடேச ஐயரின் முதற் பகை துரையோடு அன்று; கங்காணியோடுதான். கங்காணியைத் தாண்டித் தொழிலாளி நேரே பேச வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1947 தேர்தலில் அவர் தோல்வியுற்றார், அவ்வாண்டிலேயே காலமானார். ஒரு சமூகம் தன் முதல் வழிகாட்டியை இவ்வளவு விரைவிற் கைவிட்டது வருந்தத் தக்கதே.

இனிச் சப்பிரகமுவவிற்கு வருவோம். இங்கே நடேச ஐயரின் சங்கத்தினும் இடதுசாரிகளே முந்தினர். 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பகுதியைச் சூறையாடியபோது மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்கு வந்த இளைஞருள் கலாநிதி என். எம். பெரேரா ஒருவர். அத்தொண்டின் பயனாக 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியினின்று அரசாங்க சபைக்குத் தெரிவானார். அடுத்துள்ள அவிசாவளையிற் பிலிப் குணவர்த்தன வென்றார். இருவரும் 1935இல் அமைக்கப்பட்ட இலங்கைச் சமசமாசக் கட்சியினர். களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர்ப் பால் வெட்டும் தமிழ்த் தொழிலாளியும் அடுத்த கிராமத்துச் சிங்களத் தொழிலாளியும் ஒரே தோட்டத்தில் வேலை செய்ததால், இன வேறுபாடு பாராத தொழிற்சங்கம் இங்கு வேரூன்ற வாய்ப்பு இருந்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் இல்லாத வாய்ப்பு இது. தமிழ்த் தொழிலாளியின் தலைவர் சிங்களவராய் இருத்தல் கூடும் என்பதை முதலிற் கண்டது சப்பிரகமுவவே எனலாம்.

1939ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலியாய் இருந்த இந்தியரை நீக்க இலங்கை அரசு முற்பட்டது. அதனை ஒட்டி அவ்வாண்டு யூலை மாதத்திற் பண்டித யவகர்லால் நேரு கொழும்பு வந்தார். பிரிந்து நின்ற இந்தியச் சங்கங்கள் அவர் முன்னிலையில் ஒன்றாகி, இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைமையில் வணிகரும் செட்டியாரும் படித்தவருமே மிகுந்திருந்தனர். எனினும் அடுத்த ஆண்டே அதன் தொழிற்சங்கம் தோன்றியது. முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையாகியதும் அவ்வாண்டில்தான். அந்நாட் போராட்டங்களின் விளைவாகத் துரைமார் சங்கத்தார் தொழிற்சங்கங்களோடு பேச உடன்பட்டனர். துரையின் முன் கங்காணியன்றி வேறொருவர் தொழிலாளிக்காகப் பேசலாம் என்பது ஏற்கப்பட்டது. கங்காணி ஆட்சியின் முடிவு அங்கே தொடங்கிற்று.

காங்கிரசுக்குச் சப்பிரகமுவவில் வந்த பெருஞ் சோதனை நேவ்ஸ்மயர்த் தோட்டம். கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பக்கத்திலிருந்த அவ்விறப்பர்த் தோட்டத்தை நிலமற்ற கிராமத்தவர்க்குப் பங்கிடும் பொருட்டு அரசு கையகப்படுத்தியது. பல்லாண்டு அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். அத்துமீறல் வழக்கு அவர்கள்மேல் தொடரப்பட்டது. 1946இல் அவர்களுக்கு ஆதரவாகக் காங்கிரஸ் பெரும் வேலைநிறுத்தம் நடத்திற்று. இந்நிகழ்ச்சியில் நீதி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததெனச் சொல்லல் இயலாது. கிராமத்தவர்க்கு நிலமில்லை என்பது உண்மை. அவர்கள் முன்னோரின் காட்டு நிலங்களைத் தோட்டங்கள் விழுங்கின என்பதும் உண்மை. அந்நிலத்தில் உழைத்தவர்க்கு வேறு போக்கிடம் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. நிலத்தைக் கம்பனிக்கு விற்ற குடியேற்ற அரசோ, வாங்கி இலாபம் கண்ட கம்பனியோ இவ்வழக்கில் நிற்கவில்லை. ஏழைகள் இருவரே எதிரெதிர் நின்றனர். சப்பிரகமுவத் தோட்டங்களிற் பின்னர் நிகழ்ந்தவை பலவற்றிற்கும் இது முன்னறிகுறி.

1947 பாராளுமன்றத் தேர்தலிற் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவிற் சௌ. தொண்டமான், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிற் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியிற் கே. இராசலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரையில் டி. இராமானுஜம் என்போர் அவ்வெழுவர். சப்பிரகமுவவில் ஒருவரும் இல்லை. இங்குத் தோட்டத் தமிழரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்க்குத் துணையாயிற்று. ஆட்சியாளர்க்கு இது பிடித்தமாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த இந்திய பாகித்தானிய வதிவோர் சட்டமும், அவ்வாண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து அம்மக்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1946 குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் மக்களில் நூற்றுக்கு 11.7 பேர். அத்துணைப் பெரிய கூட்டம் ஒரே அடியில் வாக்கற்றதாயிற்று. 1948 சட்டத்தைச் சமசமாசக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தனர் என்பதை மறத்தலாகாது.

வாக்கற்ற மக்களின் தலைவர் எவ்வாறு தலைவராக இருத்தல் கூடும்? இதுவே 1952க்குப் பின்னர் எழுந்த வினா. 1952இல் நடந்த சத்தியாக்கிரகம் மாதக் கணக்கில் நீடித்தும் பயன் தரவில்லை. இதற்கு ஒப்பாக மலாயாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கும் கங்காணிமாரே தமிழரை இறப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். அங்கும் 1946இல் இந்தியக் காங்கிரஸ் ஒன்று தோன்றியது. ஆயின் அக்காங்கிரஸ் ஆளுங் கூட்டணியிற் பங்காளியாகி, 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது அங்குப் பிறக்கும் இந்தியர் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கும் நிலையைக் கண்டது. இலங்கையில் விடுதலையே குடியுரிமை இழப்பிற்கு முன்னுரையாயிற்று. ஒரே ஊரினின்று புறப்பட்ட அண்ணன் தம்பியருள் ஒருவர் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கிற்கும், மற்றவர் தலைமன்னாருக்கும் போயிருப்பின், அவர்தம் பேரப்பிள்ளைகளின் நிலை எத்துணை வேறுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

வாக்குப் போன பின்னர் எஞ்சிய வலு ஒன்றே: வேலைநிறுத்தம் செய்யும் வலு. ஆதலாற் சங்கமே கட்சியாகவும் பாராளுமன்றமாகவும் நின்றது. 1950இல் காங்கிரசின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரை ஏற்றது. தோட்டந்தோறும் கமிட்டி, கமிட்டிக்குத் தலைவர், மாதர்க்குத் தலைவி, அவர்க்கு மேல் மாவட்டக் காரியாலயம் எனச் சங்கம் படிப்படியாக அமைந்தது. பிரட்டுக்களத்தில் முன்பு கங்காணி நின்ற இடத்தில் இப்போது தோட்டத் தலைவர் நின்றார். திருவிழாவின் முதல் மரியாதையும் அவருக்கே போயிற்று. சில தோட்டங்களிற் பழைய கங்காணியின் மகனே புதிய தலைவராயினார் என்பது வேறு கதை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தலைவரைத் தொழிலாளர் மாற்றலாம். பிடிக்காவிடின் வேறு சங்கத்திற் சேரலாம். கங்காணியை அவ்வாறு மாற்றுதல் இயலாது.

மாற்றும் உரிமை வந்ததும் பிளவும் வந்தது. 1956இல் தொண்டமானுக்கும் ஏ. அசீசுக்கும் இடையே முரண்பாடு முற்றி, அசீஸ் சனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். 1965இல் வீ. கே. வெள்ளையன் பிரிந்து தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். இவையன்றி இடதுசாரிகளின் சங்கங்கள், செங்கொடிச் சங்கம், ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பாக எழுந்த தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் எனப் பலவும் போட்டியிட்டன. சப்பிரகமுவவில் இப்போட்டி மற்ற இடங்களினும் கூடுதல். ஒரு தோட்டத்திலேயே நான்கு சங்கத்துத் தலைவர்கள் துரையின் காரியாலய வாயிலில் நிற்கும் காட்சியைக் காணலாயிற்று. துரைக்கு அது மகிழ்ச்சியே.

தொண்டமானின் தலைமை தனித்து ஆராய்தற்குரியது. அவர் தந்தையார் கருப்பையா தொண்டமான் கங்காணியாய் வந்து இறம்பொடைப் பக்கத்திற் தோட்டம் வாங்கியவர். ஆகவே தோட்டச் சொந்தக்காரர் ஒருவரே தோட்டத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராய் அரை நூற்றாண்டு விளங்கினார். இதனைக் கேலி செய்தோர் பலர். ஆனால் லயத்து மக்கள் அதனை முரண்பாடாகக் கருதவில்லை. துரையோடு சரிநிகராக நாற்காலியிட்டு அமர்ந்து பேச வல்லவர் என்பதே அவர்க்குப் பெருமையாயிருந்தது. 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற அவர், எந்த ஆட்சியோடும் பேசும் வாயிலை அடைத்துக்கொள்ளவில்லை. வாக்கில்லாத மக்களுக்கு வாயில் திறந்திருப்பதே முதற் தேவை என்பது அவர் கணக்கு. அக்கணக்கிற் பிழை உண்டென்று சொல்வோரும் அவர் காலத்தில் வேறு கணக்கு எதனையும் முன்வைத்து வென்றாரில்லை.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 9,75,000 பேராகக் கணிக்கப்பட்ட நாடற்ற மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. அவ்வெச்சத்தை 1974இற் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இவ்வேற்பாட்டில் அம்மக்களின் தலைவர் எவரும் கலந்துகொள்ளவில்லை. சப்பிரகமுவத் தொழிலாளருக்கு இதில் மற்றொரு நோவும் உண்டு. அவ்வுடன்படிக்கை கையொப்பமாகியபோது இலங்கையின் நிதியமைச்சராய் இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. களனிப் பள்ளத்தாக்கிற் செங்கொடியின் கீழ் நின்ற தமிழ்த் தொழிலாளி, தன் தலைவர் அமர்ந்திருந்த அரசே தன்னைக் கணக்கிட்டுப் பங்கு போட்டதைக் கண்டான். இடதுசாரித் தலைமைக்கு இத்தோட்டங்களில் இருந்த மதிப்பு அதன்பின் முன்போல் இருக்கவில்லை.

பின் வந்த ஆண்டுகளில் தோட்டத்திற்குத் தோட்டம் ‘பயணம் சொல்லி’க் குடும்பங்கள் புறப்பட்டன. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் இறங்கியவருள் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞரும், தோட்டக் கமிட்டிகளில் உழைத்தவரும் பலர். ஒரு சமூகத்தின் அடுத்த தலைமுறைத் தலைவராகக் கூடியவரை ஒப்பந்தம் ஒன்று கப்பலேற்றியது என்னும் கோணத்தில் இதனை ஆராய்ந்தோர் குறைவு. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இற் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியதும் இங்குள்ள சிறு தோட்டங்களைப் பெரிதும் தாக்கின. நிலம் துண்டாடப்பட்டது; வேலை குறைந்தது; 1973–74இன் உணவுப் பஞ்சம் லயங்களை வாட்டியது. 1977 ஆகத்திலும் 1981 ஆகத்திலும் நிகழ்ந்த வன்செயல்கள் அதன்மேல் வந்தன. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. காடுகளில் இராப்பொழுதைக் கழித்தவர் பலர். அங்கிருந்து வவுனியாப் பக்கம் சென்று குடியேறினோரும் உளர். அப்போது தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். 1978இல் அவர் ஏற்ற அப்பதவியாற் சப்பிரகமுவ லயங்களைக் காத்தல் இயலவில்லை. அமைச்சர் பதவியால் வரும் வலுவின் எல்லை எதுவென்பதை அட்டனிலும் நன்றாக இரத்தினபுரி அறிந்தது.

இதனாற் பதவியாற் பயனே இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு. 1984இல் நாடளாவிய தோட்ட வேலைநிறுத்தத்தினாற் பெண் தொழிலாளர்க்கும் ஆண்களுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. கொழுந்து கொய்வோரும் பால் வெட்டுவோருமாய்ப் பெண்கள் நிறைந்திருந்த தொழிலில் இது சிறு வெற்றியன்று. 1986 சனவரியில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்குமாறு ஆட்சியை நெருக்கியது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், எஞ்சியோர்க்காக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 1948இற் பறிக்கப்பட்டது மீண்டு வர 55 ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையில் வேறு வகைத் தலைமை ஒன்றும் முளைவிட்டது. அறுபதுகளில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரி ஆசிரியரான இர. சிவலிங்கம் போன்றோர் இளைஞரைத் திரட்டி, ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல்லைத் துடைத்து, ‘மலையகம்’ என்னும் பெயரை மக்கள் பெருமையோடு சொல்லச் செய்தனர். சந்தாவோ வாக்கோ கேளாத தலைமை அது. ஆசிரியர் ஒருவர் ஒரு சமூகத்திற்குப் பெயர் சூட்டுதல் எளிய செயலன்று. பின்னாளில் எழுந்த கட்சிகள் பலவும் அப்பெயரையே தம் பெயரில் ஏற்றன.

வாக்கு மீண்டதும் கட்சிகள் பெருகின. 1989இற் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். 1994இற் சந்திரிகா குமாரதுங்க ஆட்சியமைத்தபோது அவருடைய ஓர் இடம் பெரும்பான்மையை நிறுவும் அளவிற்கு மதிப்புப் பெற்றது. 1999 ஒக்டோபரிற் தொண்டமான் மறைந்தார். அவர் பேரர் ஆறுமுகன் தொண்டமான் காங்கிரசின் தலைமையை ஏற்றார். 2020 மே மாதத்தில் அவரும் திடீரெனக் காலமாக, அவர் மகன் சீவன் தொண்டமான் அவ்வாண்டே பாராளுமன்றம் புகுந்தார். 2015இல் மனோ கணேசன், ப. திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் ஆகியோர் தமிழ் முற்போக்குக் கூட்டணியை அமைத்தனர். தலைமை ஒரு குடும்பத்திற் தங்குவது இச்சமூகத்திற்கு மட்டும் உரிய குறையன்று. தென்னாசியாவின் பெருங்கட்சிகள் பலவும் அவ்வழியே செல்கின்றன.

சப்பிரகமுவவிற்கோ விகிதாசாரத் தேர்தல் முறை இருமுனைக் கத்தியாய் அமைந்தது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாதலின், சிதறிக் கிடந்த தோட்ட வாக்குகள் ஒரு பட்டியலில் ஒன்று கூடலாம். ஆயின் பாராளுமன்றத்திற்கு ஒருவரை அனுப்ப அவை போதவில்லை. மாகாண சபைக்கு அத்துணை வாக்கு வேண்டியதில்லை. 2012 சப்பிரகமுவ மாகாண சபைத் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் வேறு சில மலையகக் கட்சிகளும் பகைமையை ஒதுக்கி ஒன்றாய்ப் போட்டியிட்டு, 44 இடங்களுள் 2ஐப் பெற்றன. அட்டனில் ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வோர் இங்கு ஒரே மேடையில் நின்றனர். சிறுபான்மையாய் வாழ்வோரின் நெருக்கடி தலைவர்களையும் நெருக்கிச் சேர்த்தது போலும். 2017இல் அச்சபை கலைந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மாகாண சபைத் தேர்தலே நடைபெறாமையின் அவ்வாயிலும் அடைபட்டது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிட இருந்த தடையை நீக்கிய 2018இன் சட்டத் திருத்தம் சிறிதே ஆறுதல் தந்தது. தோட்டத்துப் பாதைக்குக் கல் போடவும் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

சந்தாவினின்று வந்த வலுவும் தளர்ந்து வருகின்றது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்ற பின்னர், கம்பனிகளும் சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தை நிருணயித்தது. ஒப்பந்தத்திற் கையொப்பமிடும் உரிமையே பெருஞ்சங்கங்களின் மதிப்பு. நாட்சம்பளம் 1,000 ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டு இழுபட்டு, ஈற்றில் 2021இற் சம்பள நிருணய சபையின் மூலமே நிறைவேறியது. கூட்டு ஒப்பந்தமும் கைநழுவிற்று. 2024இல் 1,350 ரூபாவும் அச்சபையின் வழியாகவே வந்தது. தோட்டப் பதிவில் இல்லாமற் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளையோர் தொகையோ பெருகியுள்ளது. அவர்கள் எந்தச் சங்கத்திற்கும் சந்தா செலுத்துவோர் அல்லர். 2023இல், இம்மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. அதனை ஒழுங்கு செய்தோர் பெருங்கட்சிகளோ பெருஞ்சங்கங்களோ அல்லர்; குடிமக்கள் அமைப்புகளே.

2024 நவம்பர்த் தேர்தலில் மூன்று செய்திகள் குறிக்கத் தக்கன. நுவரெலியாவிற் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் வென்றனர். கொழுந்துக் கூடை சுமந்தோரிற் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் மலையகப் பெண்கள் பாராளுமன்ற ஆசனம் பெற அத்துணைக் காலம் சென்றது. மூன்றாவது சப்பிரகமுவவைச் சார்ந்தது. இரத்தினபுரி மாவட்டத்தில் அதே அணியின் பட்டியலிற் சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவாகி, பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராக நியமனம் பெற்றார். தோட்டத் தமிழரின் வாக்கு மட்டும் கொண்டு அம்மாவட்டத்தில் எவரும் வெல்லுதல் அரிது. பெரும்பான்மையினரின் நாடளாவிய கட்சியொன்றின் பட்டியலில் நின்றே அவ்விடம் கிடைத்தது. 1936இல் ருவான்வெல்லைத் தோட்டத் தமிழர் ஒரு சிங்களத் தலைவரைத் தம்மவராகக் கொண்டனர். 2024இல் இரத்தினபுரிக் கிராமத்துச் சிங்களவர் பலரும் ஒரு தமிழரின் பெயருக்கு எதிரே விருப்பு வாக்கு இட்டனர். நேவ்ஸ்மயரில் எதிரெதிர் நின்ற இரு ஏழைகளின் காணி வழக்கு இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே இன்னும் தீராமற் கிடக்கின்றது. லயத்தில் வாழ்வோர்க்குத் தாம் வாழும் நிலத்தின் உறுதியைக் கொடுப்பதெவ்வாறு என்பதே புதிய பிரதி அமைச்சரின் மேசைக்குப் போயிருக்கும் முதற் கோப்பு.